ஒத்திகை

மதியச் சோற்றுக்குப் பின் எல்லாருக்கும் கண் சொருகியது.
ஒரு நாடகம் போடலாம் என்றேன்.
கடலூர் முதுநகர், மீனவர் சங்கக் கட்டடம்,
சுற்றியது ஒரே மின்விசிறி.

கலெக்டர் யார்?
ஒரு கையும் எழவில்லை.
அன்னக்கூடையைக் கதவோரம் வைத்துவிட்டு வந்திருந்த
சோனாங்குப்பத்துப் பூங்காவனம்
நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

நாலு பேர் மனுவோடு போனார்கள்.
அவள் நிமிரவில்லை.
பேனா மூடியால் காது குடைந்தாள்.
"நகல் மூணுதானா? போய் அஞ்சா எடுத்தா."
"நாத்தமா? எனக்கு வரலியே."
"கம்பெனிய மூடிட்டா
ஆயிரம் பேருக்குச் சோறு நீ போடுவியா?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள்.
சுவரில் நான் ஒட்டிய அதிகார வரைபடம்,
நண்பர், எதிரி, நடுவில் நிற்பவர்,
சிவப்பு அம்புகளோடு படபடத்தது.
பதினோரு வருஷத் திங்கட்கிழமைகள்
வரிசையில் நின்றவள் அவள்.

போதும்க்கா, எழுந்திருங்க என்றேன்.
"இரும்மா.
இங்க உக்காந்தாதான் தெரியுது.
இந்தாளு மனுவப் படிக்கல,
வாசல்ல எத்தினி தலைன்னு எண்ணுறான்."
மறுபடி வரச்சொன்னாள்.
கெஞ்சியவர்களைத் துரத்தினாள்.
கத்தியவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துத் துரத்தினாள்.

நாலாவது தடவை
ரெண்டு நாளும் வாயே திறக்காத
ஈச்சங்காட்டுக் காத்தவராயன் போனான்.
கும்பிடவில்லை.
பள்ளிக்கூட நோட்டைப் பிரித்து வாசித்தான்:
"வெள்ளி ராத்திரி பத்தே கால். தென்காத்து.
அழுகின முட்டைக்கோசு.
சனி விடியக்கால மூணு மணி.
நகப்பாலிஷ். புள்ளைக்கு இருமல்.
ஞாயிறு..."

காது குடைவது நின்றது.
அதிகாரி நிமிர்ந்தாள்.
பேனாவைத் திறந்தாள்.

"தேதியச் சொல்லு," என்றாள்,
"மெதுவா."