பச்சைச் சட்டம்

டாஃபின் கூட்டுறவுக் கடையில்
ஓரெஸ்ட் வாங்கி வந்தது. பச்சை பிளாஸ்டிக்,
அறைகள் ஆண் ஈயின் உடம்புக்கு அளவெடுத்தவை.
முதல் வாரம் ஈக்கள் தொடவில்லை.
மெழுகுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம்
அவற்றுக்கா தெரியாது?
பழைய அடையை உருக்கி
சுவருக்கு வர்ணம் பூசும் உருளையால் நானே தேய்த்தேன்.
பிறகு ஏமாந்தன.

ராணி நிரப்பினாள், அத்தனையும் ஆண்.
உண்ணிக்கு ஆண் குஞ்சுதான் வேண்டும்:
வெளிவர மூன்று நாள் கூடுதல்,
அந்த மூன்று நாளில் அதன் குடும்பம் பெருகிவிடும்.
மூடிய அறைக்குள் விருந்தும் விருந்தாளியும் இருக்கும்போதே
சட்டத்தை உருவிவிட வேண்டும்.
நாள் தவறினால்
உண்ணிப் பண்ணை வைத்தது நாம்தான்.
விதைக் கம்பெனி காலண்டரில்
இருபத்தொன்றாம் நாளைச் சிவப்பில் சுழித்தேன்.

அன்றைக்குப் பார்த்து ஓரெஸ்டுக்குப் பித்தப்பைக் கல்.
வின்னிபெக், நான்கு இரவு,
சாயாத நாற்காலி.

இருபத்தைந்தாம் நாள் பெட்டியைத் திறந்தால்
பாதி அறை காலி.
கொழுத்த ஆண்கள் உலாவிக்கொண்டிருந்தார்கள்,
முதுகில் ஆளுக்கொரு காப்பித்தூள் நிறப் பொத்தான்.
வண்டியில் உட்கார்ந்தபடி ஓரெஸ்ட் கேட்டான்,
"தப்பிச்சோமா?"
"தப்பிச்சுட்டாங்க."

ஆகஸ்டில் அரைக் கோப்பை ஈக்களை
மாவுச் சர்க்கரையில் குலுக்கி
வெள்ளைத் தட்டில் உதறினேன்.
முப்பத்தொன்றோடு எண்ணுவதை நிறுத்தினேன்.
வெளுத்துப்போன ஈக்கள் வைதுகொண்டே வீடு திரும்பின.
அமில அட்டை வைத்தோம், கண் எரிந்தது.
ஒரு பெட்டி பனியைத் தாண்டவில்லை.

இந்த ஜூன், சரியாக இருபத்தொன்று.
சட்டம் ஃப்ரீசரில்,
பட்டாணிக்கும் பெரோகிக் கொழுக்கட்டைக்கும் நடுவே.
ஐஸ்கிரீம் தேடிய நாத்தனார் யாரோஸ்லாவா
பையைத் தூக்கிப் பார்த்தாள்.
"என்ன இது?"
"ஆண்கள்."
சிரிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
அதற்குள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

ஈவிரக்கம் பார்த்தால் பெட்டி காலி
என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து வெயிலில் இளகவிட்டு
கோழிகளுக்குக் கொஞ்சம் சுரண்டிப் போட்டேன்.
மிச்சத்தோடு சட்டம் பெட்டிக்குள் இறங்கியது.
தங்கைகள் வந்தார்கள்.
செத்தவர்களை ஒவ்வொருவராக இழுத்து
வாசலுக்கு வெளியே தள்ளினார்கள்,
அறைகளைத் துடைத்துவைத்தார்கள்.
மறுநாள் பார்க்கிறேன்,
ராணி அந்தப் பக்கம் நடந்துகொண்டிருக்கிறாள்.

சிவப்புப் பேனா தீர்ந்துபோயிருந்தது.
பென்சிலால் சுழித்தேன்,
தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி.