வந்த வழி

தக்கலை கோர்ட்டில் அன்று
அரசு வக்கீல் மூக்கைச் சுருக்கிச் சொன்னார்:
"இந்த ரூபாயில் புகை மணக்கிறது."
மணக்கத்தான் செய்யும்.
குலசேகரத்தில் எந்த ரூபாய்க்குப்
புகைப்புரை மணம் இல்லை?
காணிக்கைப் பெட்டியைத் திறந்தாலும் அதே மணம்,
மருந்துக்கடையில் மீதி வாங்கினாலும்.

காணாமல் போனது நாலு லட்சம்,
ஷீட் கடைக் கணக்கில்.
கணக்கெழுதியவன் எனக்க மாப்பிள்ளை எட்வின்ராஜ்.
பதினெட்டு நாளாக உள்ளே.
ஜாமீன் உண்டு என்றார் நீதிபதி,
அறுபதாயிரம் கட்டினால்.
கட்டப் போனால்
அந்த நாலு லட்சத்தில் கிள்ளியதா இது
என்று ஒரு கேள்வி.
பைசா இல்லாதிருந்தால் பாவம் என்றிருப்பார்கள்.
இருந்ததால் கள்ளி.

வந்த வழியை எழுதித் தா என்றார்கள்.

எழுதினேன்.
கூட்டுறவு வங்கியில் வளையல் நாலு, சங்கிலி ஒன்று,
முப்பத்தோராயிரம். அடகுச் சீட்டு உண்டு.
சங்கிலியின் கொளுத்து பழுது என்று
எடை போட்டவர் கால் கிராம் கழித்தார்,
அதையும் எழுதட்டுமா என்று கேட்டேன்.
வக்கீல் பேனாவை மூடினார்.
மகளிர் குழுக் கடன் பதினைந்தாயிரம்.
தீர்மான நோட்டில் பதினொரு கையெழுத்து, ஒரு பெருவிரல்.
மழைக்கு முன்னால் வெட்டிய பாலில் அடித்த ஷீட்,
வேறொரு கடையில் போட்டது, ஒன்பதாயிரத்து ஐநூறு.
துண்டுச் சீட்டில் எடை இருக்கிறது, தேதி இல்லை.
தேதிக்காகத் திரும்பவும் போனேன், திற்பரப்புக்கு.
கடைக்காரர் இன்றைய தேதி போட்டுத் தரட்டுமா என்றார்.
வேண்டாம், அன்றைய தேதியே வேணும்.
ஒரு மணிநேரம் பழைய புத்தகம் புரட்டினார்,
முணுமுணுத்துக்கொண்டே.
ஆடு ரண்டு, நாலாயிரம்.
வாங்கிய பீர்க்கண்ணு கோர்ட்டுக்கே வந்தார்,
கேட்டால் சொல்வதற்கு.
யாரும் கேட்கவில்லை.
வராந்தாவில் நின்று என்னிடமே சொன்னார்:
கறுப்பு ஆட்டுக்கு ஒரு காது கொஞ்சம் மடங்கியிருக்கும்.

கூட்டினால் ஐம்பத்தொன்பதாயிரத்து ஐநூறு.

மிச்ச ஐநூறு
ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து
குடையை விரித்தபோது காலடியில் விழுந்தது.
நாலாய் மடித்த ஒற்றை நோட்டு.
திரும்பிப் பார்த்தேன்.
லாசர், அதே கடையில் ஷீட் சுமக்கிறவன்,
செருப்பைத் தேடுவதுபோல் குனிந்து நின்றான்.
செருப்பு அவன் காலில் கிடந்தது.

அவன் பேரை எழுதினால்
திங்கட்கிழமை அவனுக்குச் சுமை இல்லை.
எழுதாவிட்டால் அறுபது நிறையாது.
பிரமாணப் பத்திரத்தின் கடைசி வரியில்
கைச்சேமிப்பு ரூபாய் ஐநூறு என்றேன்.
கையெழுத்துப் போடும்போது கை நின்றது.
மை தீர்ந்ததென்று நினைத்து
வக்கீல் வேறு பேனா நீட்டினார்.

அப்புறம் ரண்டு ஆள் ஜாமீன்,
கரந்தீர்த்த ரசீதோடு.
எட்வினின் அண்ணன் ரசீதைக் காணோம் என்றார்.
மைனி கிணற்றடியைப் பார்த்தபடி நின்றாள்.
பால் அளக்கும் இடத்தில் கூட நிற்கிற தங்கநேசமும்
அவள் கொழுந்தனும் வந்தார்கள்,
ஆறு சென்ட், எட்டு சென்ட்.
மண்ணை நம்பினார்கள் கோர்ட்டில்,
அதற்கு மணம் பார்க்கவில்லை.

உத்தரவு நாகர்கோவில் ஜெயிலுக்குப் போய்ச் சேர
ஆறு மணி கழிந்தது.
பெட்டி பூட்டியாச்சு, நாளைக்கு வாம்மா.
பதினெட்டு, பத்தொன்பதாயிற்று.

காலையில் வந்தான், தாடியோடு,
இடுப்பில் நிற்காத பேண்டைப் பிடித்துக்கொண்டு.
தினமும் பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து.
வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

குலசேகரம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவனை விட்டேன்.
வில்லுக்குறி தாண்டும்வரை பேச்சில்லை.
பிறகு கேட்டான்,
கணக்கெழுதுகிறவன் குரலில்:
"இவ்வளவு பைசா எங்கேருந்துட்டீ?"

டிக்கெட்டை விரலில் சுருட்டிக்கொண்டு
வளையலிலிருந்து தொடங்கினேன்.
குடைக்கு வந்தபோது
முன் சீட்டில் இருப்பது யாரென்று பார்த்துவிட்டுக்
குரலைத் தாழ்த்தினேன்.