தோற்கடித்தவள் ஜெயிக்கட்டும்

செங்கோட்டை பாசஞ்சரில் பேட்டை தாண்டியதும்
டிக்கெட் கேட்டேன்.
சட்டைப்பையைத் தடவாமல் அவர் என் காதைப் பார்த்தார்.
"காதுல என்னம்மா, எண்ண பட்டுட்டா?"
சுட்ட அப்பளம் மாதிரி மடங்கித்தான் இருக்கும்.
எண்ணெய் இல்லை.
பதினொரு வருஷம் பிறத்தியார் நெற்றி உரசி
ரத்தம் கட்டி அப்படியே நின்றுபோன காது.
டிக்கெட்டை எடுங்க, என்றேன்.

பிஷ்கெக்கில் என் முதுகில் அப்பா பெயர்.
பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்ததில்
இசக்கித்தாய் பின்னால் போய்விட,
ஒலிபெருக்கி "சூடலே மூத்தூ" என்று அழைத்தது.
பேட்டையில் அரிசி மூட்டை சுமக்கிற சுடலைமுத்துவை
ஒரு மங்கோலியக்காரி இரண்டே நிமிஷத்தில்
தோள் ரெண்டும் மெத்தையில் பதிய
மல்லாத்திவிட்டாள்.

அதோடு முடியாது இந்த விளையாட்டு.
உன்னைத் தோற்கடித்தவள் இறுதிக்குப் போனால்
உனக்கும் ஒரு கதவு திறக்கும்.
போகாவிட்டால் பெட்டியைக் கட்டு.

ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
படிக்கட்டில் உட்கார்ந்து
அவளுக்காக வேண்டினேன்.
ஏ மூதி, இடது காலைக் கொடுக்காத,
தலைய உள்ள வை, உள்ள வை.
கூடப்பிறந்தவளுக்குக்கூட நான் அப்படி வேண்டியதில்லை.
ஏழு வினாடி மிச்சமிருக்க
அவள் ஒரு கணுக்காலைப் பிடித்துச் சுற்றினாள்.
அழுதது நான்.

மறுநாள் காலை மறுபடி தராசு.
ராத்திரி முழுக்கத் தண்ணீர் கிடையாது.
ஐம்பத்து மூன்றுக்கு மேலே நூற்றைம்பது கிராம்.
பின்னலை அறுத்தோம்.
எச்சில் வற்றுகிற வரை ஒரு கோப்பையில் துப்பினேன்.
அப்புறம் ஒருத்தியை ஜெயித்தேன்.
வெண்கலத்துக்கு, நாலுக்கு ஆறு.

ஐந்தாமிடத்துக்கு மேடை இல்லை.
மங்கோலியக்காரி மேலே நின்று
கூட்டத்தில் என்னைத் தேடினாள்.
தங்கத்தைக் காட்டவில்லை.
கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்:
நான் பிடித்த இடம், சிவந்து கிடந்தது.

சேரன்மகாதேவியில் வண்டி நின்றதும்
அவர் எழுந்து நழுவப் பார்த்தார்.
என்னைக் கேட்காமலே என் கை
அவர் மணிக்கட்டில் இருந்தது.
"ஏ யம்மா, எலும்பு!"
அபராதம் இருநூற்றைம்பது, என்று
நான் சொல்லி முடிப்பதற்குள்
கார்டு விசில் ஊதினார்.

விசில் கேட்டால் விட்டுவிடுகிற கை இது.
நடைமேடையில்
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
ஓடுகிறது
இருநூற்றைம்பது ரூபாய்.