வெள்ளெழுத்து

மே மாதம் நான் சுட்ட ஆண்மானுக்குச்
சாவதற்கு இரண்டு இரவு பிடித்தது.
நாய்தான் கண்டுபிடித்தது, ஓடைக்கு அப்பால்,
பின்தொடையில் ஈ மொய்க்க.
குண்டின்மேல் பழி போட்டேன். காற்றின்மேல் போட்டேன்.
சங்கத்துக்குத் தந்த படிவத்தில்
'ஈரப்பாறை, கால் சறுக்கிவிட்டது' என்று எழுதினேன்.

பாறை காய்ந்துதான் இருந்தது.
பின்குறியின் வெட்டு, குழல் நுனியில் மணி, அப்பால் மான்:
மூன்று தூரம். கண்ணோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்கும்.
முப்பது வயதில் அது மூன்றுக்கும் இடையே
அணிலாய்த் தாவும், தாவுவதே தெரியாது.
நாற்பத்தாறில் வெட்டு பஞ்சாகிவிட்டது.
பஞ்சுக்குள் மணியை வைத்துத்தான் அன்று விசையை இழுத்தேன்.

"மூக்குக்கண்ணாடி போடலாமே, ஓராஷ் அம்மா?" என்றார்
ஃபெர்லாக்கில் துப்பாக்கி செய்யும் யூஷ்னிக்.
போடலாம்.
வேட்டைச் சங்கத்தில் பதினோரு ஆண்கள், நான் ஒருத்தி.
கணவன் செத்த மறுவாரமே
மலைச்சரிவின் குத்தகையை விலை கேட்டவர்கள்.
கண்ணாடியோடு போய் நின்றால் சும்மாவே கேட்பார்கள்.

அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை.
போல்டுக்குப் பின்னால், துப்பாக்கிக் கழுத்தில்,
கட்டைவிரல் படுக்கும் இடத்தில் மரத்தைக் குடைந்து
ஒரு எஃகுத் தண்டைப் பதித்தார்.
மடக்கினால் மரத்தோடு மரமாய்க் கிடக்கும்.
புதரில் மாட்டாது, போல்டை இழுக்கையில் குறுக்கே வராது.
விரலால் நெம்பினால் எழும்;
அடியில் இருக்கும் தட்டைவில்
'டக்' என்று ஒரே சொல்லில் அதை நிறுத்திவிடும்.
உச்சியில் பட்டாணி அளவு வட்டு.
வட்டில் ஒரு கண். ஊசிக்கு இருப்பதைப் போல,
இமை இல்லாத கண்.

"வட்டைப் பார்க்காதீர்கள். அதன் வழியே பாருங்கள்."
பார்த்தேன். வட்டின் விளிம்பு புகையாகி விலகியது.
மணியை நான் நடுவில் நிறுத்தவில்லை;
கோலிக்குண்டு குழிக்குப் போவதுபோல்
பார்வை தானே நடுவுக்குப் போயிற்று.
கண்ட கண்ட ஒளியை எல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டு
நேராக வந்ததை மட்டும் உள்ளே விட்டது துளை.
மணி கூர்மை.
முற்றத்துக் கோடியில், பலகையில் அடித்த ஆணியும் கூர்மை.
ஆணிக்குத் தலை உண்டு என்பதே மறந்திருந்தது எனக்கு.

செப்டம்பர். மாலை.
பீச் மரங்களின் ஓரத்தில் ஓர் ஆண்மான்
காதை ஆட்டி ஆட்டி மேய்கிறது.
நெம்பினேன். டக்.
துளைக்குள் ஒரே கரி.
பகலில் கடன் கொடுத்த வெளிச்சத்தை
அந்தியில் வட்டியோடு வசூலிக்கிறது சனியன்.
அதற்கும் யூஷ்னிக் வழி வைத்திருக்கிறார்:
வட்டைத் திருகிக் கழற்றினால்
வளையம் மட்டும் மிஞ்சும், அகலமாக.
கழற்றினேன். விரல் குளிரில் விறைத்திருந்தது.
வட்டு நழுவிச் சருகில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

வளையத்துக்குள் மான் பளிச்சென்று வந்து நின்றது,
பக்கவாட்டில், முழுசாக.

பதினெட்டு ஷில்லிங்.
துப்பாக்கியைப் புல்லில் கிடத்திவிட்டு
நான்கு காலில் தவழ்ந்துகொண்டிருந்தேன் நான்.
மான் தலை தூக்கிப் பார்த்தது. இன்னொரு முறை பார்த்தது.
நாய்போல் இரண்டு தடவை குரைத்துவிட்டு
அவசரமே இல்லாமல் காட்டுக்குள் போயிற்று.
வட்டு என் முழங்காலுக்கு அடியில்தான் இருந்தது.

இரவு, அடுப்படி, விளக்கு.
ஆகஸ்டிலிருந்து மேசையில் கிடக்கிறது யூஷ்னிக்கின் ரசீது,
எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து.
வட்டை எடுத்துக் கண்ணில் வைத்தேன்.
எறும்புகள் வரிசைக்கு வந்தன:
மடக்குக் குறி ஒன்று. பதித்த கூலி. திருகு இரண்டு.
கடைசி வரி, அடிக்கோடு போட்டது:
'உபரியாக ஒரு வட்டு, இனாம்.
துப்பாக்கிப் பையின் உள்தையலில் வைத்திருக்கிறேன்.
இருட்டில் விழுந்தால் தேட வேண்டாம்.'

பை கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.
எழுந்து போய்ப் பார்க்கவில்லை.
அதே துளை வழியே, இழுப்பறையில் இருந்த
மே மாதப் படிவத்தின் நகலைப் படித்தேன்.
'ஈரப்பாறை.'
என் கையெழுத்து அவ்வளவு தெளிவு என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.