நரிக்குண்டு வழி

இரவுப் பணியின் ஸ்பிரிட் வாடை விரல்களில் மிச்சமிருக்க
பாகாயம் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து பத்து.
இனாயத் முன்னமே வந்து
என் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்,
மாம்பழம் பொறுக்குகிறவன் மாதிரி.
"காத்து ஜாஸ்தி பெனிட்டா, எறக்கு.
கல்லு ரோட்டுல கெட்டியா இருந்தா தூக்கிப் போட்ரும்."
இறக்கினேன்.
நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் ரப்பர்
ஒரு பெருமூச்சு விட்டுப் பதமானது.

அரியூர். அப்புறம் ஊசூர்.
அதற்கும் அப்பால் தார் நைந்து நைந்து
ஒரு தென்னந்தோப்பின் மூலையில்,
பாதிப் பேச்சில் எழுந்து போய்விட்டவரைப் போல,
நின்றுவிடுகிறது.
அங்கே தொடங்குகிறது எங்கள் சாலை.

சரளைக்கு வாய் உண்டு.
காய்ந்த செம்மண்மேல் கரகரவென்று குறை சொல்லும்.
ஏரிக்கரை ஈரத்தில் முணுமுணுக்கும்.
இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டால் சட்டியில் விழுந்த கடுகு.
அதோடு வாதம் பண்ணக் கூடாது,
ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கக் கூடாது.
பின்சக்கரம் வழுக்கினால் வழுக்கட்டும்,
அதுவே தேடிக்கொள்ளும் தன் இடத்தை.
மூன்று முறை முழங்கை கிழிந்த பிறகு
தெரிந்துகொண்டது இவ்வளவுதான்.

கத்தரித் தோட்டத்திலிருந்து ஒருத்தி நிமிர்ந்தாள்.
மடி நிறைய முள்கத்தரி.
எங்கள் சட்டையின் மஞ்சளையும் பச்சையையும்
தலைக்கவசத்தையும் பார்த்துவிட்டு
"எந்தக் கட்சிம்மா?" என்றாள்.
"கட்சி இல்லக்கா, சும்மாதான்."
"சும்மாவா? இந்த மேட்டுலயா?"
அவள் சிரித்தது
அடுத்த வளைவுவரை கூட வந்தது.

ஏழரைக்கே வெயில் முதுகில் கை வைத்தது.
வேலூர் வெயில் அவசரப்படாது,
கடன் கேட்க வந்தவன் போல உட்கார்ந்துவிடும்.
கருவேல முள் ஒன்று இனாயத்தின் முன்சக்கரத்தில் ஏற
எருக்கங்காம்பு ஒடித்த மாதிரி
வெள்ளையாய்ப் பீய்ச்சியது அடைப்புத் திரவம்.
சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காத்திருந்தோம்,
கடலை மிட்டாயை நடுவில் உடைத்து.
பெரிய துண்டை எனக்குத் தந்தான்.
தோல் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம்
டிரம் சுழற்றுகிற கை.
உப்பும் சாயமும் போகாத நகங்கள்.

அப்புறம் நரிக்குண்டு.
மூன்று ராத்திரி உட்கார்ந்து நான் போட்ட வழி அது.
அலைபேசித் திரையில்
பழுப்புக் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு
மேலே மேலே போகும் இடம்.
இன்றைய ஏற்றத்துக்கென்று
கால்களில் மிச்சம் பிடித்து வைத்திருந்தேன்.
கியரை முன்கூட்டியே இறக்கினேன்.

கால் சும்மா சுற்றியது.

எதிரே வானம்.
மலை இருக்க வேண்டிய இடத்தில் காலை பத்து மணி வானம்.
கீழே சதுரமாக வெட்டிய பள்ளம்,
அதில் பச்சைத் தண்ணீர்,
தண்ணீரில் ஒற்றை நீர்க்காகம்.
டிப்பரின் நிழலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த டிரைவருக்கு
எங்கள் வயதுதான் இருக்கும்.
"நரிக்குண்டா?" என்று துப்பினான்.
"இவ்ளோ தூரம் அதும்மேலதானே வந்தீங்க."

வேறு ஒன்றும் சொல்லவில்லை அவன்.
திரும்பிப் பார்த்தேன்.
நாங்கள் வந்த வெள்ளைக் கோடு
வயல்களுக்கு நடுவே நெளிந்து கிடந்தது,
எங்கள் டயர்த் தடம் இரண்டையும்
முதுகில் வைத்துக்கொண்டு.

பள்ளத்தின் விளிம்போடு சமதரையில் உருட்டிப் போனோம்.
பேசவில்லை.
அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும்
அலைபேசி ஒரு மணி அடித்து வாழ்த்தியது:
எண்பத்து நான்கு மீட்டர் ஏறியிருக்கிறேனாம்.
பழைய வரைபடம், பாவம், அதற்கு எப்படித் தெரியும்.
பொய்க் கணக்கு என்று அழிக்கப் போனேன்.

இனாயத் என் மணிக்கட்டைப் பிடித்தான்.
"இருக்கட்டும் விடு" என்றான்.
"அங்கயாவது இருக்கட்டும்."