சனிக்கிழமைக்கு ஒரு ஆள்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம்
பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு
சிவதாபுரம் அங்கன்வாடியின் சாவி
ஜெபராணி நர்சம்மா கைக்கு வரும்.
முட்டை அவித்த வாசனை இன்னும் போயிருக்காது.
முழங்கால் மோவாயில் இடிக்க
குட்டி நாற்காலிகளில் உட்காருவோம்
பதினோரு பேர்.
குழந்தையை நிறுக்கும் தராசு
தலைக்கு மேலே காலியாகத் தொங்கும்.

பேரைச் சொல்லி
எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும்.
முதல் தடவை நான் சொன்னது:
"இன்னைக்குக் காலையிலிருந்து."
யாரும் சிரிக்கவில்லை.
லாரி பட்டறை பச்சையப்பன் மட்டும்
"அப்படின்னா பத்து மணி நேரம்" என்றான்,
கூலியில் பிடித்தம் செய்யாதவன் மாதிரி.

கொலுசுக்கு முத்து பற்ற வைப்பது என் வேலை.
கை நடுங்கினால் முத்து உருளும்.
உருண்டு தொலைந்ததன் எடையை
முதலாளி என் பேரில் எழுதுவார்.
நடுக்கம் நிற்கத்தான் காலையில் ஒரு கட்டிங்
என்று ஆறு வருஷம் நம்பியிருந்தேன்.
பெரியாஸ்பத்திரியில் மூன்றாம் ராத்திரி
சுவரெல்லாம் வெள்ளி எறும்பு.
ஒவ்வொன்றாகப் பொறுக்கி
இந்துமதியிடம் கொடுத்தேனாம்.
அவளும் வாங்கி வாங்கி
முந்தானையில் முடிந்துகொண்டாளாம்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை.
சனிக்கிழமைதான்.
ஏழரைக்குக் கூலி.
பட்டறையிலிருந்து வீட்டுக்கு
ஒன்றேகால் கிலோமீட்டர், இரண்டு கடை.
சுற்றுவழியில் போனால் மூன்று.

அதனால் குழுவில் எனக்கொரு ஆள் போட்டார்கள்,
சனிக்கிழமைக்கு மட்டும்.
பச்சையப்பன். அவனுக்கு அப்போது
இருநூற்றுப் பதினாறு நாள்.
புத்தி சொல்ல மாட்டான்.
கடை நெருங்கும்போது குரலை உயர்த்தி
நங்கவள்ளி பஸ்ஸில் இடம் பிடித்த கதையை ஆரம்பிப்பான்.
பதினான்கு வாரமும் அதே கதை.
கடை தாண்டியதும் நிறுத்திவிடுவான்.
இடம் கிடைத்ததா இல்லையா
எனக்குத் தெரியாது.

பதினைந்தாம் சனி அவன் வரவில்லை.
போன் அடித்தது, அடித்தது, ஓய்ந்தது.
சட்டைப்பையில் மூவாயிரத்து நூறு.
முதல் கடையை எப்படித் தாண்டினேனோ.
இரண்டாவது கடைக்கு எதிரே
தட்டுவடை செட் வண்டிக்குப் பின்னால்
குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.
காலடியில் ஒரு குவார்ட்டர்,
மூடி திருகாமல்.

ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டால் காரணம் வரும்.
காரணம் வந்தால் மூடி கழலும்.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
எனக்குத் தெரிந்ததும் ஒரே கதைதான்:
நங்கவள்ளி பஸ், முகூர்த்த நாள் கூட்டம்,
ஜன்னல் வழியே துண்டு போட்டது...
"துண்டு இல்லடா, குடை"
என்று திருத்தினான்.
இரண்டு செட் வாங்கினேன்.
பீட்ரூட் துருவல் அவன் விரலில் சிவந்தது.
விரல் நடுங்கியது.
மறுபடி முதலிலிருந்து சொன்னேன்,
தப்புத் தப்பாக,
அவன் திருத்தத் திருத்த.

பத்து மணிக்கு ஷட்டர் இறங்கியது.
பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தோம்.
இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.
வாசனை சுற்றி வந்து
எதிரில் நின்றது.

செவ்வாய்க்கிழமை அவன் முறை.
இருநூற்றுச் சொச்சத்துக்காக எல்லோரும் பார்த்தார்கள்.
"மூணு" என்றான்.
மத்தியானமே ஒன்று குடித்திருந்தானாம்,
நான் பார்த்தது இரண்டாவது.
நர்சம்மா நோட்டில் எழுதினார்.
"ராத்திரி பத்திலிருந்து வைத்தால்
அறுபத்தெட்டு மணி நேரம்" என்றேன்.
வாய்விட்டுத்தான் சொன்னேனா,
அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த சனி ஏழரைக்கு
பட்டறை வாசலில் நின்றிருந்தான்.
யாருக்கு யார் ஆள் என்று பேசிக்கொள்ளவில்லை.
முதல் கடை. இரண்டாம் கடை.
இந்தத் தடவை அவன் நிறுத்தவில்லை.
எங்கள் தெருமுனைக் குழாய் வரைக்கும்
கதை கூடவே வந்தது.

"இடமெல்லாம் கிடைக்கலை" என்றான்.
"குடையும் போச்சு.
தாரமங்கலம் வரைக்கும்
நின்னுக்கிட்டேதான்."