நாலு விரற்கடை

எங்கள் தட்டின் பார்வை மிகக் குறுகியது.
கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்துங்கள்.
அந்த நகத்தின் அகலம், அவ்வளவுதான்.
அதற்கு வெளியே ஒரு ராக்கெட்
கத்திக்கொண்டே போனாலும் எங்களுக்குக் கேட்காது.

அன்று அந்தியில் நத்தால் கடற்கரைக் காற்று
மணலை வாரி ஜன்னல் கம்பிகளில் பூசிக்கொண்டிருந்தது.
கயானாவிலிருந்து கிளம்பிவிட்டது என்றார்கள்.
ஏழு நிமிடம் ஐம்பது நொடியில்
வடக்கே, கடல்மேல்,
தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கு நேராக
எழ வேண்டும்.
தாள் சொன்ன இடத்தில் தட்டை நிறுத்திக் காத்திருந்தேன்.

ஐம்பது. ஐம்பத்தைந்து. எட்டு.
திரையில் வெறும் இரைச்சல்.
காதில் ஒரு பிரெஞ்சுக் குரல்
"நத்தால், பிடித்தீர்களா?" என்றது
நிதானமாய்.
பிறகு அவ்வளவு நிதானமில்லாமல்.
வால்டோமிரு கேபிள்களைத் தடவித் தடவிப் பார்த்தார்,
சந்தையில் மாடு வாங்க வந்தவர்போல.
பிழை எங்களுடையது என்றே எல்லோரும் நினைத்தோம்.
சின்ன நிலையங்களின் பழக்கம் அது.

அப்போது வாசல் தொலைபேசி.
காவலர் அதெர்பால். ஒருநாளும் அழைக்காதவர்.
"ஜன்திரா, உங்கள் விளக்கு இங்கே போகிறதே,
முந்திரி மரத்துக்கு மேலே.
தட்டு ஏன் அந்தப் பக்கம் முறைத்துக்கொண்டிருக்கிறது?"

"தொட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி?"

பதிலில்லை. கையை நீட்டி அளந்திருப்பார்.
"ரெண்டு முஷ்டி. அப்புறம் ஒரு நாலு விரற்கடை."
"கடல்பக்கமா?"
"இல்லையம்மா. கரைப்பக்கம்."

தாளைக் கவிழ்த்தேன்.
தானியங்கியை விடுவித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன்.
கண்ட ஒருவர் சொல்ல
காணாத நான் திருப்ப
தட்டு முனகிக்கொண்டே முந்திரி மரம் நோக்கி வந்தது.
"இன்னும் கொஞ்சம். நகர்ந்துகொண்டே இருக்கிறது,
இன்னும்."

திரையில் ஒரு முள் எழுந்தது.
விழுந்தது.
மறுபடி எழுந்தது, நின்றது,
எண்கள் கொட்டின
கிழிந்த மூட்டையிலிருந்து பருப்புபோல.
பிரெஞ்சுக் குரல் ஒன்றும் சொல்லவில்லை.
மூச்சுவிடும் ஓசை மட்டும் கேட்டது.

வழி தவறியது அதற்குத் தெரிந்திருக்கவில்லை.
புறப்படுமுன் யாரோ ஒரு தப்பான எண்ணை
அதன் காதில் ஓதியிருக்கிறார்கள்;
அந்த எண்ணுக்கு இம்மியும் பிசகாமல் பறந்திருக்கிறது.
அழுத்தம் சரி. வெப்பம் சரி. திசை சரி.
நான்கு நிமிடம் இதையே சொல்லிக்கொண்டு
ஆப்பிரிக்கா பக்கமாய் அடிவானத்துக்குக் கீழே போயிற்று.

மூன்று வாரம் கழித்து விசாரணைப் படிவம் வந்தது:
தட்டைத் திருப்பியதற்கு ஆதாரம் என்ன?
நூற்றில் ஒரு பாகை வரை துல்லியமாகக் குறிப்பிடவும்.
இரண்டு முஷ்டி, நான்கு விரற்கடை
என்று எழுதி அனுப்பினேன்.
யாருடைய கை என்று கேட்டுத் திரும்பி வந்தது.

அதெர்பாலை உள்ளே அழைத்து
வெள்ளைத் தாளில் கையை விரித்து வைக்கச் சொல்லி
ஓரமாய்ப் பென்சிலால் வரைந்தேன்.
கூச்சத்தில் அசைந்துகொண்டே இருந்தார்.
கட்டைவிரல் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.